அப்பாவின் ஷேவிங் பிரஷ்ஷும் டோம்பிவிலி மழையும்

மன்னார்குடியில் பதினைந்து வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் உழைத்த பிரஷ், டோம்பிவிலிக்கு வந்த மூன்றாவது வாரம் பூசணம் பிடித்தது. அதை நான் எப்படிக் கையாண்டேன் என்பதைச் சொல்லிவிட்டு மேட்டருக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அம்மா போன பிறகு அப்பா வருஷத்தில் நாலு மாதம் எங்களோடு இருப்பார். போன வருஷம் வந்தது ஜூன் கடைசியில், நல்ல மழை. பையிலிருந்து வேஷ்டி, விபூதிச் சம்புடம், ரேடியோ எல்லாம் வெளியே வந்தன. கூடவே மரக் கைப்பிடி வைத்த பன்றிமுடி பிரஷ். அதை வாஷ்பேசின் ஓரத்தில் நிறுத்தி வைத்தார். "பார்க்க நல்லாவா இருக்கு?" என்று அதற்கு பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, கண்ணாடி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியது தங்கமணி இல்லை, சாட்சாத் நான்தான்.

மூன்று வாரம் கழித்துத் திறந்தால் குப்பென்று ஈரச்சாக்கு வாடை. முடியின் அடியில் கறுப்புப் புள்ளிகள். யாரையும் கேட்காமல் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, நுரை டப்பா ஒன்றை வாங்கி அந்த இடத்தில் வைத்தேன். அப்பா மூன்று நாள் ஷேவ் செய்யவில்லை. நாலாம் நாள், "பிரஷ்ஷை எங்கயாவது பாத்தியாடா?" என்றார். சொன்னேன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது.

குற்றம் பிரஷ் மேல் இல்லை, வைத்த இடத்தின் மேல் என்பது என் கட்சி. ஊரில் அது கிணற்றடித் திட்டில் வெயிலும் காற்றும் பட நிற்கும், தானாகக் காய்ந்துவிடும். இங்கே ஜன்னலே இல்லாத பாத்ரூமில் நாலு பேர் வரிசையாகக் குளிக்கிறோம். ஜூலையில் இந்த ஊர்க் காற்றே பிழிந்தால் சொட்டும். இதில் மூடி வேறு! பூசணத்துக்கு வேண்டியது இரண்டே விஷயம், ஈரமும் சாப்பாடும். பன்றிமுடி தண்ணீரை நன்றாக உறிஞ்சும், நைலானைவிட மெதுவாகத்தான் காயும். முடிக்கற்றையின் அடியில் தங்கும் சோப்புப் பிசுக்கும் செத்த தோல் துகள்களும்தான் சாப்பாடு. மூடி போட்டு இரண்டையும் பத்திரமாகக் காத்துக் கொடுத்தவன் நான்.

அதனால் தூக்கிப்போடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

முதலில் அது பூசணம்தானா என்று பாருங்கள். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் உப்பும் சோப்பும் சேர்ந்து முடியின் அடியில் வெள்ளையாகப் படியும். அது பூசணம் இல்லை. புது பன்றிமுடி பிரஷ்ஷில் ஒரு மிருக வாடை வரும், நாலைந்து தடவை சோப்புப் போட்டால் போய்விடும். அதுவும் பூசணம் இல்லை. கறுப்பு அல்லது பச்சைப் புள்ளி, மெல்லிய பஞ்சு போன்ற படலம், கழுவியும் போகாத மக்கிய வாடை: இவைதான் அடையாளம்.

லேசாக இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு, உள்ளங்கையில் சுழற்றி அடிவரை கழுவுங்கள். பிறகு ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, முடிப்பகுதி மட்டும் முங்கும்படி ஐந்து, பத்து நிமிஷம் வையுங்கள். மரக் கைப்பிடி நனையக்கூடாது, ஊறினால் வெடிக்கும். அந்த வெள்ளைப் படிவும் இதில் இளகிவிடும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, முறுக்காமல் மெல்லப் பிழிந்து, உதறி, துண்டில் ஒற்றி, ஃபேன் காற்றில் முழுசாகக் காயவிடுங்கள்.

செய்யக்கூடாதவை இரண்டு. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் முடியைப் பிடித்திருக்கும் பசை விட்டுப்போகும், முடியும் கெடும். பிளீச் வேண்டவே வேண்டாம். முடி என்பது புரதம், பிளீச் அதையே அரித்துவிடும்.

இவ்வளவு செய்தும் வாடை போகவில்லை என்றாலோ, முடியைப் பிரித்துப் பார்த்தால் வேர்வரை கறுப்பு இறங்கியிருந்தாலோ, தயங்காமல் தூக்கிப் போடுங்கள். பாசத்துக்காகப் பூசணத்தை முகத்தில் தேய்க்க வேண்டாம். பிளேடு பட்டுக் கீறும் தோல் அது, சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஆனால் போடும் முன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அது நான் கட்டிய ஃபீஸ்.

குடும்ப வாட்ஸப் குரூப்பில் இதைச் சொன்னதும், "முடி பிரஷ்ஷில் ஆந்த்ராக்ஸ் வரும்" என்று ஒரு அண்ணன் பயமுறுத்தினார். அது நடந்த கதைதான். முதல் உலகப் போர் சமயத்தில், சரியாகச் சுத்திகரிக்காத குதிரைமுடி பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிலருக்கு அந்த நோய் வந்தது. 1920-ல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதியையே பிரிட்டன் தடை செய்தது. ஆனால் அது பாக்டீரியா, முடி வந்த மிருகத்திடமிருந்து வந்தது. நம் வீட்டுப் பூசணம் நாமே வளர்ப்பது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் :-)

தொங்கவிடும் ஸ்டாண்டு வாங்கியே தீர வேண்டும் என்றும் சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நன்றாக உதறிவிட்டால், மிச்ச ஈரம் சொட்டிப் போவதில்லை, காற்றில்தான் போகிறது. நிமிர்ந்து நின்றாலும் தலைகீழாகத் தொங்கினாலும் காற்றுப்படும் இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மழை மாதங்களில் இரண்டு பிரஷ் வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக்கொள்வது ஸ்டாண்டைவிடப் பிரயோஜனம். ஊருக்குப் போகும்போது ஈர பிரஷ்ஷை டப்பாவில் அடைக்காதீர்கள். டெல்லிக்காரர்களே, குளிர்காலத்தில் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு கீசர் ஆவியில் குளிக்கும் உங்களுக்கும் இது பொருந்தும்.

இந்த வருஷம் அப்பா வருவதற்கு முன்பே இரண்டு பன்றிமுடி பிரஷ் வாங்கி வைத்தேன். ஹால் ஜன்னல் ஓரம் ஒரு சின்ன மரத்தட்டு அடித்து அதில் நிறுத்தினேன். வருகிறவர்கள் கண்ணில் பட்டால் படட்டும். பார்த்ததும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் விபூதிச் சம்புடமும் ரேடியோவும் அதே தட்டுக்குக் குடிவந்திருந்தன.