அரை லட்ச ரூபாய்ப் பெட்டியும் 28,000 ரூபாய் சைக்கிளும்

"அண்ணே, அந்தப் பொட்டி இல்லாட்டி சைக்கிளைப் பிளைட்டுல ஏத்தக் கூடாதாமே? டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிரவா?"

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என் வீட்டு வாசலில், மூடுபனி இறங்கிய ஒரு சாயங்காலம், தம்பி ஒருவன் வந்து இப்படிக் கேட்டான். கையில் உங்கள் போன மாத இதழ். இங்கேயே ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறான். இரண்டு வருஷம் காசு சேர்த்து, மணாலியிலிருந்து லே வரைக்கும் சைக்கிளில் போக நாள் குறித்து வைத்திருக்கிறான். அவன் சைக்கிளின் விலை 28,000 ரூபாய். விமானத்தில் சைக்கிள் கொண்டுபோவதைப் பற்றி உங்கள் இதழில் எழுதிய நண்பர் வாங்கச் சொல்லும் பெட்டியின் விலை அரை லட்சத்துக்கு மேல். இந்தக் கணக்கு அவர் கட்டுரையில் ஓரிடத்திலும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சொல்வது இவ்வளவுதான். கடினப் பெட்டி ஒன்றே பாதுகாப்பு. துணிப்பை தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. அட்டைப் பெட்டியில் அனுப்புகிறவனுக்குத் தன் சைக்கிள் மேல் பிரியமே கிடையாது. இதில் முதலாவது தவறு, இரண்டாவது அறியாமை. மூன்றாவது, சைக்கிள் ஓட்டுகிற எல்லோரையும் அவமதிக்கும் பேச்சு.

பெட்டிக்குள் எது உடைகிறது என்று பார்த்திருந்தால் அவர் கட்டுரையே பிறந்திருக்காது. பெரும்பாலும் ஃபிரேம் உடைவதில்லை. வளைவது ஹேங்கர். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கியர் மாற்றும் டிரெய்லியரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், விரல் நீளம்கூட இல்லாத அலுமினியத் துண்டு அது. அடி பட்டால் ஃபிரேம் தப்பிக்கட்டும் என்பதற்காகவே சுலபமாக வளையும்படி செய்யப்பட்டது. சைக்கிள் பெட்டிக்குள் அசைந்து, டிரெய்லியர் எதிலாவது முட்டினால் போதும். ஹேங்கர் உள்பக்கமாக மடங்கிவிடும். அதைக் கவனிக்காமல் ஏறி மிதித்து, மேட்டில் பெரிய பல்லுக்கு கியரை மாற்றினால், டிரெய்லியர் ஸ்போக்ஸுக்குள் போய்ச் சிக்கும். பயணம் அங்கேயே முடிந்தது.

எனக்கு இது நடந்தது, அதுவும் கடினப் பெட்டியில். 2019 ஆகஸ்டில் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸுக்குப் போனேன். 1891-இல் தொடங்கிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம் அது. இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும். அந்த ஆண்டு இந்தியாவிலிருந்து முன்னூறு பேருக்கு மேல் பதிவு செய்திருந்தோம். நண்பர் ஒருவரிடம் கடினப் பெட்டியை இரவல் வாங்கி, அதன் மேல் இருந்த நம்பிக்கையில், டிரெய்லியரைக் கழற்றாமலேயே சைக்கிளை வைத்து நாலு பட்டையை இழுத்துக் கட்டிவிட்டேன். ஓட்டம் தொடங்கும் ராம்பூயே ஊரில் அறைக்குப் போய்த் திறந்தால், பெட்டியின் ஓட்டில் ஒரு கீறல் இல்லை. உள்ளே ஹேங்கர் வளைந்து கிடந்தது. புறப்பாட்டுக்கு இரண்டு நாள்தான். ஆலன் கீயை விட்டு, கண்ணால் மட்டம் பார்த்து, மெல்ல மெல்ல நிமிர்த்திய அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை. 2023-இல் அதே ஓட்டத்துக்கு அதே சைக்கிளை அட்டைப் பெட்டியில் கொண்டுபோனேன். டிரெய்லியரைக் கழற்றி, பபிள் ரேப் சுற்றி, ஃபிரேமுக்குள்ளேயே கட்டியிருந்தேன். ஒரு திருகாணிகூட இடம் மாறவில்லை.

ஆக, சைக்கிளைக் காப்பது நாம் கட்டுகிற கட்டு. பெடல் இரண்டையும் கழற்ற வேண்டும்; இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பதை மறக்கக் கூடாது. முன் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கட்டையைச் செருக வேண்டும். சைக்கிள் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள், புதுச் சைக்கிளோடு வருவதுதான். டிஸ்க் பிரேக் என்றால் தட்டைக் கழற்றிவிட்டு, பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளாதபடி நடுவில் துண்டு அட்டை. ஏசி பைப்புக்கு மாட்டுகிற கறுப்பு நுரைக் குழாயை நீளவாக்கில் கீறி ஃபிரேமுக்குப் போட்டு, கேபிள் டையால் இறுக்கினால், அதைவிட நல்ல கவசம் கிடையாது. மாற்று ஹேங்கர் ஒன்று கைவசம் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். கட்டுரையாளர் இதில் ஒரு வரியாவது எழுதியிருந்தால் படித்தவர்களுக்குப் பயன்பட்டிருக்கும். பெட்டியின் பளபளப்பைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்.

கடினப் பெட்டியின் ஓடு அசையாத சுவர் என்று அவர் நம்புகிறார். மேலே நாலு சூட்கேஸ் ஏறினால் அந்த ஓடும் உள்வாங்கும். அதனால்தான் கடினப் பெட்டி செய்கிறவர்களே நடுவில் முட்டுக்கொடுக்க ஒரு கம்பத்தையும் வைத்துத் தருகிறார்கள். பிரிட்டனில் 1878-இல் தொடங்கிய சைக்கிள் பயணிகள் சங்கமோ நேர் எதிர்வழியைச் சொல்லிவந்தது. உள்ளே சைக்கிள் இருப்பது கண்ணுக்குத் தெரிகிற பெரிய பாலிதீன் பையை அது விற்றது. சைக்கிள் என்று தெரிந்தால் சுமை ஏற்றுகிறவர் அதன் மேல் எதையும் அடுக்க மாட்டார், பார்த்துத்தான் வைப்பார் என்பது அவர்கள் அனுபவம். அந்தப் பையில் நான் அனுப்ப மாட்டேன். ஆனால் கண்டம் கண்டமாகச் சைக்கிளில் சுற்றியவர்கள் அப்படி அனுப்பினார்கள். அவர்களுக்கும் சைக்கிள் மேல் பிரியம் இல்லை என்று சொல்வாரா நம் கட்டுரையாளர்?

அடுத்தது எடை. உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்கு இன்று 15 கிலோதான். கடினப் பெட்டி வெறுமையாகவே ஏறத்தாழ 11 கிலோ. தம்பியின் சைக்கிளும் 11 கிலோ. பெட்டியில் வைத்தால் 22 ஆகிறது. போகும்போதும் வரும்போதும், ஒவ்வொரு முறையும் ஏழு கிலோவுக்கு அதிகப் பணம் கட்ட வேண்டும். அட்டைப் பெட்டி மூன்று கிலோ, மொத்தம் 14. "எடைக்குக் காசு கட்டிவிட்டுப் போங்கள்" என்று கட்டுரையில் ஒரே வரியில் கடந்துவிடுகிறார். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் ஒரு பையன் டிக்கெட்டை ரத்து செய்யக் கிளம்பினான்.

இனி, அவர் யோசிக்கவே இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். சைக்கிள் பெட்டி விமானத்தில் இருப்பது சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அது தரையில் இருக்கிறது. எந்தப் பெட்டி என்பதைத் தரைப் பயணம்தான் முடிவு செய்யும். விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரத்தில் வீடு, வாசலில் பெரிய கார் என்று இருக்கிறவருக்கு இது தோன்றாது. நாயுடுபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 120 கிலோமீட்டர். அதில் பாதி மலைப்பாதை. அவ்வளவு பெரிய கடினப் பெட்டியைக் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டியில் ஏற்றுவது? தனிக் கார் பிடித்தால் அந்தச் செலவு வேறு.

நாங்கள் செய்வது இதுதான். விடிகாலையில் சைக்கிளிலேயே இறங்கிவிடுவோம். பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை, காமக்காபட்டி சோதனைச் சாவடி, வத்தலக்குண்டு. அங்கே இட்லி. அப்புறம் நிலக்கோட்டை வழியாக மதுரை. முதல் நாளே சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லிவைத்தால், புதுச் சைக்கிள் வந்த அட்டைப் பெட்டி மடித்துத் தயாராக இருக்கும். அங்கேயே கழற்றிக் கட்டி, ஆட்டோவில் விமான நிலையம். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரையும் சுமை இல்லாமல் சைக்கிளே கடந்துவிடுகிறது.

தம்பியின் பயணமோ ஓரிடத்தில் தொடங்கி இன்னோர் இடத்தில் முடிகிறது. சண்டிகரில் இறங்கி, பஸ்ஸில் மணாலி. அங்கிருந்து லே வரை ஏறத்தாழ 475 கிலோமீட்டர் சைக்கிளில். திரும்புவது லேயிலிருந்து விமானத்தில். அரை லட்ச ரூபாய்ப் பெட்டியை அவன் மணாலியில் யார் தலையில் கட்டிவிட்டுப் போவான்? வழியில் ரோத்தாங், தாங்லாங் லா கணவாய்களில் ஏறும்போது முதுகில் சுமப்பானா? அட்டையை மணாலியிலேயே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டுப் போகலாம். லேயில் கடைத்தெருவில் இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகளைத் தேடிப் பிடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி ஒட்டினால் வேலை முடிந்தது. நான் அப்படித்தான் திரும்பி வந்தேன். டேப்பை மட்டும் கையோடு கொண்டுபோக வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் திறக்கச் சொன்னால் மறுபடி ஒட்ட வேண்டுமே.

துணிப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடியில் பலகையும் பக்கவாட்டில் கம்பிகளும் உள்ள நல்ல பை, போன ஊரிலிருந்தே திரும்புகிறவருக்கு ஏற்றது. வீட்டில் மடித்துக் கட்டிலுக்கடியில் வைத்துவிடலாம்.

டயர் விஷயத்தில் அவர் எழுதியிருப்பது அப்பட்டமான பிழை. காற்றை முழுக்க இறக்காவிட்டால் நடுவானில் டயர் வெடிக்கும் என்கிறார். பயணிகள் விமானத்தின் சரக்கு அறையிலும் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலும் காற்றழுத்தம் ஒன்றேதான். அது 8,000 அடி, அதாவது 2,438 மீட்டர் உயரத்துக்குரிய அழுத்தத்துக்குக் கீழே போகாதபடி வைத்திருக்கிறார்கள். கொடைக்கானலின் சூரிய ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் 1899 முதல் நிற்கிறது. மதுரையில் காற்றடித்த சைக்கிளில் ஆய்வகம் வரை ஏறி வருகிறவர்கள் எத்தனையோ பேர். யாருடைய டயராவது அங்கே வெடித்ததா? சமவெளியில் அடித்த காற்று அந்த உயரத்தில் நான்கு பிஎஸ்ஐகூடக் கூடுவதில்லை. கவுண்டரில் இறக்கச் சொன்னால் பாதி இறக்குங்கள். முழுக்க இறக்கினால், பெட்டியைக் கீழே வைக்கும்போதெல்லாம் ரிம் நேராகத் தரையில் அடி வாங்கும். அவர் சொன்னபடி செய்தவர்கள் ரிம்மை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடினப் பெட்டி என்றால் நஷ்ட ஈடு முழுசாகக் கிடைக்கும் என்பதும் கற்பனை. உள்நாட்டுப் பயணத்தில் லக்கேஜுக்கான உச்சவரம்பு 20,000 ரூபாய். வெளிநாட்டுப் பயணத்துக்கு 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு). நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். பெட்டி எதுவானாலும் இந்த வரம்பு உயராது. அட்டைப் பெட்டிக்கு, விமான நிறுவனத்தின் பொறுப்பைக் குறைக்கும் சீட்டை ஒட்டுவதுண்டு, அது உண்மை. அதற்காகவே கட்டும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து வையுங்கள். இறங்கியதும் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் திறந்து பாருங்கள். சேதம் இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்துச் சீட்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் சேதத்துக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தவறினால் உரிமை போய்விடும்.

அட்டைக்கு ஒரே ஒரு எதிரி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மழை. ஐப்பசி, கார்த்திகையில் நாயுடுபுரத்தில் வீட்டுக்குள் வைத்த அட்டைகூட நமுத்துப்போகும். நமுத்த அட்டையில் பலம் கிடையாது. மதுரையில் வாங்கி மதுரையிலேயே கட்டுவதற்கு இதுவும் காரணம். சைக்கிளை முதலில் பெரிய பாலிதீன் உறையில் போட்டு, அதன் பிறகு அட்டைக்குள் வைக்க வேண்டும். ஓரங்களில் இரட்டை டேப்.

கடினப் பெட்டிக்கும் இடம் இருக்கிறது. வருஷத்துக்கு ஐந்தாறு முறை பந்தயத்துக்குப் பறந்து, வண்டி வைத்து அழைத்துப் போகிற ஓட்டலில் தங்கி, வந்த வழியே திரும்புகிறவர் வாங்கலாம். லட்சக்கணக்கில் விலைபோகும் கார்பன் சைக்கிளுக்கு அது நியாயமான செலவு. கட்டுரையாளர் அத்தகையவர் என்றே தெரிகிறது. அவர் தன் தேவையைத் தன் தேவை என்று எழுதியிருந்தால் எனக்குச் சண்டையில்லை. அதை எல்லோருக்குமான விதியாக்கி, அது முடியாதவனுக்குப் பிரியம் இல்லை என்று தீர்ப்பும் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொரு கண்ணியாகப் பழைய பிரஷ்ஷால் தேய்க்கிற ஒரு பையனை எனக்குத் தெரியும். பிரியத்தைப் பற்றி அவனுக்குப் பாடம் எடுக்கும் தகுதி இவருக்கு இல்லை. அந்த ஒரு வரியையாவது அடுத்த இதழில் அவர் திரும்பப் பெற வேண்டும்.

தம்பி டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. ஜூலையில் கிளம்புகிறான். மதுரைக் கடையில் அட்டைப் பெட்டிக்குச் சொல்லிவைத்தாயிற்று.