கிடாயை மாத்துறோம், சம்பந்தத்தை மாத்த மாட்டேங்கிறோம்

சாத்தூர்ப் பக்கம் ஆடு வளக்கிற யாரைக் கேட்டாலும் ஒண்ணு சொல்வாங்க: ஒரே கிடாயை ரெண்டு வருசத்துக்கு மேல மந்தையில விடக்கூடாது. தன் குட்டியோடயே சேந்துச்சுன்னா அடுத்த ஈத்து நோஞ்சானா விழும். அதனால வெளியூர்க் கிடாயா பாத்து மாத்திக்குவோம்.

இதே ஆளுதான் அக்கா மகளைத் தம்பிக்குக் கட்டி வைப்பார். சொத்து வெளிய போகாது, பொண்ணுக்குப் பாட்டியே மாமியார். தமிழ்நாட்டுல நாலுல ஒரு கல்யாணத்துக்கு மேல சொந்தத்துலதான் நடக்குதுன்னு 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது.

எல்லார் உடம்புலயும் பழுதான மரபணு ஒண்ணு ரெண்டு சும்மா தூங்கிக்கிட்டு இருக்கும். தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் மரபணுவுல கால்வாசி பொது. ஒரே பழுது ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா, ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு வாய்ப்பு அந்த நோய் வர. "மூத்தது அப்படி ஆயிருச்சு, அடுத்தது நல்லா இருக்கும்"னு தேத்துறது கணக்கு தெரியாத பேச்சு.

உடனே பட்டணத்துல இருந்து படிக்கிறவங்க, "பட்டிக்காட்டுப் பழக்கம்"னு முடிச்சிராதீங்க. டவுன் சிண்ட்ரோம் 21-ஆவது குரோமோசோம் ஒண்ணு கூடிப்போறதால வர்றது, 1959-லயே கண்டுபிடிச்சது. அதுக்குச் சொந்தம், அசல் கிடையாது. பிறக்கையில மூச்சு முட்டினதால மூளை பாதிச்ச பிள்ளைக்கு மரபணுவுல ஒரு கோளாறும் இருக்காது. எதனாலன்னு தெரியாம எப்படிப் பேசுறது? அதுக்குத்தான் சோதனை.

எங்க ஊர்ல ஒரு பொண்ணு, ஏழு வயசாகியும் பேசாத மகளை இடுப்புலயே தூக்கிட்டுத் திரிஞ்சா. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேராத நேத்திக்கடன் இல்ல. "கிரகணத்துல வெளிய வந்திருப்பே"ன்னு மாமியார் பேச்சு வேற. மதுரையில ரத்தம் குடுத்து முடிவு வந்துச்சு: பழுது அப்பன்கிட்ட இருந்து பாதி, ஆத்தாகிட்ட இருந்து பாதி. பிள்ளை இன்னும் பேசல. ஆனா அன்னைக்குத்தான் அந்தப் பொண்ணு மாமியார் முன்னால வாயைத் திறந்தா. கொழுந்தனுக்குப் பேசி வச்சிருந்த சொந்தத்துச் சம்பந்தமும் இப்ப யோசனையில நிக்குது.

இதுதான் சோதனையோட பலன்னு நான் நினைக்கிறேன். பெரும்பாலான நோய்க்கு மருந்து வராது, பல பிள்ளைகளுக்கு முடிவே தெளிவா வராது. அதையும் முன்னாடியே சொல்லணும். பல ஆயிரம் வாங்கிட்டு, இங்கிலீஷ்ல நாலு பக்கத்தைக் கையில குடுத்து அனுப்பினா, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போற தாய் அதை வச்சு என்ன செய்வா?

பரம்பரை நோய்களுக்கு அரசு மருத்துவமனைகள்ல சோதனையும் ஆலோசனையும் குடுக்க 2019-ல 'உம்மீத்'னு திட்டம் கொண்டுவந்தாங்க. 2018-ல போட்ட 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியல்ல விருதுநகரும் இருக்கு. 2022-ல மருத்துவக் கல்லூரியும் வந்தாச்சு. அங்கயே ரத்தம் எடுத்து, முடிவைத் தமிழ்ல, புருசனையும் மாமியாரையும் சேத்து உக்கார வச்சு சொல்ல ஒரு ஆள் வேணும். மாமியாரைக் கண்டிப்பா கூப்பிடணும்!

அதுக்கு முன்னால கையில இருக்கிறதைச் செய்யலாம். பிறவியிலேயே தைராய்டு குறைஞ்ச பிள்ளையை, குதிகால்ல எடுக்கிற ஒரு சொட்டு ரத்தத்துல கண்டுபிடிச்சிரலாம். முதல் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள மாத்திரையை ஆரம்பிச்சா மூளை வளர்ச்சியைக் காப்பாத்திரலாம். மாத்திரை விலையும் கம்மிதான். ஊர்ல உங்க தங்கச்சியோ மதினியோ பிரசவத்துக்குப் போனா, போன் போட்டு மறக்காம கேளுங்க: "பிள்ளைக்குக் குதிகால்ல ரத்தம் எடுத்தாச்சா?"