படி இல்லாத படிப்பு

நீள் வகுத்தலை நான்கே சொற்களில் ஒரு குழந்தையின் நினைவில் நிறுத்திவிடலாம்: வகு, பெருக்கு, கழி, இறக்கு. வரிசை மாறாமல் இவற்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் எவ்வளவு பெரிய எண்ணும் வசப்படும். கடினமானதைச் சிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படிக்கும் மறக்கவியலாத ஒரு சொல்லைத் தருவதே கற்பித்தலின் அடிப்படை. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரத் தமிழ்க் குழந்தைகள் பலர் இழப்பது இந்தச் சொற்களைத்தான்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளையைக் கடந்ததும் பெயர்ப்பலகையின் எழுத்து மாறுகிறது. வீட்டுப் பேச்சு அவ்வாறு மாறுவதில்லை. தமிழ் பேசும் வீட்டிலிருந்து மலையாள வழி வகுப்புக்குச் செல்லும் குழந்தைக்கு வகுத்தல் 'ஹரணம்' ஆகிறது, பெருக்கல் 'குணனம்', கழித்தல் 'வியவகலனம்'. மலையாளக் குழந்தைக்கும் இவை புதிய சொற்களே என்பர். உண்மைதான். ஆனால் அக்குழந்தைக்கு அவற்றை விளக்கும் மொழி, வீட்டில் பேசும் மொழி. தமிழ்க் குழந்தைக்கோ விளக்கமும் ஒரு பாடம்.

இரண்டும் உடன்பிறந்த மொழிகள், குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்பது அடுத்த வாதம். அந்த நெருக்கமே இடரை மறைக்கிறது. தமிழில் 'த' ஓரெழுத்து. மலையாளத்தில் அதே இடத்தில் நான்கெழுத்துகள். கதை என்று வீட்டில் கேட்ட சொல்லை எந்தத் தகரத்தால் எழுதுவது? இரு மொழிக்கும் பொதுவான ஒலிகளை முதலில், தமிழில் எழுத்தில்லாத ஒலிகளை அடுத்து, பழகிய சொற்களோடு பிணைத்துக் கற்பித்தால் இது தீரும். அதற்கு ஆசிரியருக்கு இரு மொழியும் தெரிந்திருக்க வேண்டும்.

இதே வட்டத்திலுள்ள பாலராமபுரத்தின் சாலியர் தெருக்களில் கைத்தறி தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்துள்ளது. அங்கே புதியவரை எடுத்தவுடன் தறியில் அமர்த்துவதில்லை. தார் சுற்றக் கற்ற பின் பாவு. பாவுக்குக் கஞ்சி இடக் கற்ற பின் தறி. சிறுவரைத் தொழிலில் இறக்குவதை எவரும் போற்ற வேண்டியதில்லை. அந்த ஒழுங்கைப் பள்ளி கற்றுக்கொள்ளலாம். 1976இல் வுட், புரூனர், ராஸ் ஆகியோர் இத்தகைய உதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தோடு ஒப்பிட்டனர். சாரம் தரையில் ஊன்ற வேண்டும். குழந்தைக்குத் தரை, அதன் தாய்மொழி.

இது சலுகைக் கோரிக்கையன்று. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. 2017இல் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கிய கேரளம், அதே முனைப்பை இதிலும் காட்டட்டும். மலையாளம் கற்பதை இங்கே யாரும் எதிர்க்கவில்லை. கற்கும் வழியையே கேட்கின்றனர். எல்லையோரத் தொடக்க வகுப்புகளில் தமிழறிந்த ஆசிரியரை அமர்த்துக. கணக்குச் சொற்களை இரு மொழியிலும் அருகருகே அச்சிடுக. முதற்படியை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, ஏறாத குழந்தையை மந்தம் என்று முத்திரை குத்துவது கல்வியாகாது.