பெரிய மோட்டார் அனுப்பாதீங்க சாமி

சிஎன்சி மெஷினில் ஒரு அச்சு திணறினால் உடனே "பெரிய மோட்டார் வாங்கிப் போடு" என்று சொல்கிற கூட்டம் நம்மில் ரொம்பப் பெருத்துப்போச்சு. கடைக்காரர் சொன்னால் புரிகிறது, அவருக்கு வியாபாரம். மஸ்கட்டிலும் துபாயிலும் உட்கார்ந்துகொண்டு நாம் ஏன் சொல்கிறோம்? பெட்டியில் ரெண்டு கிலோ இடம் மிச்சம் இருக்கு என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மறையூரில் என் அக்கா பையன் வீட்டிலேயே சிஎன்சி ஒன்று செய்திருக்கிறான். ஆர்டுவினோ, ஏ4988 டிரைவர் மூன்று, நெமா 17 மோட்டார்கள், 12 வோல்ட் சப்ளை. மூணாறு-உடுமலை ரோட்டில் இருக்கிற ஹோம்ஸ்டேகளுக்கும் வெல்லக் கடைகளுக்கும் பெயர்ப்பலகை வெட்டிக் கொடுப்பது திட்டம். 2019-ல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டது, கடைக்காரர்கள் அதைப் பலகையில் போடாமல் இருப்பார்களா? (சந்தன மரத்திலா என்று கேட்காதீங்க. அதைத் தொட்டால் வனத்துறைக்காரர் வந்துவிடுவார். இவன் வெட்டுவது எம்டிஎஃப் பலகை.)

இதில் ஒய் அச்சு மட்டும் திணறுகிறது. நடுவில் ஸ்டெப்பை விட்டுவிடுகிறது, 'ம' வெட்டினால் கடைசிக் கோடு மூணு மில்லி தள்ளி நிற்கிறது. அவ்வளவுதான், வீட்டில் தீர்ப்பு எழுதியாச்சு. "மெஷினை வித்துட்டு விசாவுக்கு ஏற்பாடு பண்ணு." குடும்பத்தில் மூன்று பெரியவர்கள் பெரிய மோட்டார் அனுப்பத் தயார். பையனும் கேட்கிறான், "மாமா, நெமா 23 போட்டா சரியாகிடுமா?"

ஆகாதுடா.

இது பம்ப்செட் புத்தி. 1937-ல் பீளமேட்டில் மோட்டார் செய்ய ஆரம்பித்ததிலிருந்து நம் பக்கத்து ஆட்களுக்கு மோட்டார் என்றால் குதிரைசக்திதான். மூணு பத்தலையா, அஞ்சு போடு. ஸ்டெப்பர் அந்த ஜாதி இல்லை. ஒரு சுற்றை 200 ஸ்டெப்பாகப் பிரித்து, டிரைவர் கொடுக்கிற கரண்டுக்குத் தகுந்த பலத்தில் நகரும். நகர்ந்ததா இல்லையா என்று திரும்பிச் சொல்லக்கூட அதற்கு வழியில்லை. ஏ4988 நன்றாகக் குளிர்வித்தாலும் உச்சம் 2 ஆம்பியர்தான். அதில் 3 ஆம்பியர் நெமா 23-ஐ மாட்டினால் அந்த மோட்டாரும் அரைப் பட்டினியில்தான் ஓடும். இன்னொன்று, 17, 23 என்பதெல்லாம் பலத்தின் அளவே இல்லை. முகத்தகடு 1.7 இஞ்ச், 2.3 இஞ்ச், அவ்வளவுதான். பெரிசு வந்தால் பிராக்கெட்டையும் புதுசாகச் செய்யணும்.

நான் பி.காம் படித்த பேங்க் ஆசாமி. ஒருத்தர் தவணை கட்டத் திணறினால் இன்னும் பெரிய கடனாகக் கொடுக்க மாட்டோம். பணம் எங்கே சிக்கி நிற்கிறது என்று கணக்கைப் புரட்டுவோம். போனில் அதையேதான் செய்தோம்.

முதலில் பவரை அணைக்கச் சொன்னேன் (ஓடும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்கினால் டிரைவர் காலி). எக்ஸ், ஒய் ஒயர்களை இடம் மாற்றினோம். ஒய் மோட்டார் எக்ஸ் டிரைவரிலும் திணறியது, எக்ஸ் மோட்டார் ஒய் டிரைவரில் ஜம்மென்று ஓடியது. ஆக, டிரைவர் சாகவில்லை. அடுத்து கப்ளரைக் கழற்றி ஸ்க்ரூவைக் கையால் சுற்றச் சொன்னேன். ஒரு முனையில் வெண்ணெய், மறு முனையில் கல். தண்டவாளம் ரெண்டும் இணையாக இல்லை! போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்பகுதியை அந்தந்த முனைக்குத் தள்ளி அங்கேயே இறுக்கினான். பாதி வியாதி போச்சு.

மீதி கரண்டில். டிரைவரில் இருக்கிற சின்ன திருகை மல்டிமீட்டர் வைத்து 0.48 வோல்ட்டில் நிறுத்தியிருந்தான். 1.2 ஆம்பியருக்கு அதுதான் கணக்கு என்று யாரோ சொன்னார்களாம். சென்ஸ் ரெசிஸ்டர் 0.05 ஓம் என்றால் சரிதான். இவன் போர்டில் ஆர்100 என்று எழுதியிருக்கிறது, அதாவது 0.1 ஓம். கரண்டை 8 ஆலும் ரெசிஸ்டராலும் பெருக்கினால் வர வேண்டியது 0.96 வோல்ட். இத்தனை நாளாக மோட்டார்களுக்குப் போனது 0.6 ஆம்பியர், பாதிதான்! எக்ஸ் அச்சு சுமப்பது ஸ்பிண்டிலை மட்டும், அதனால் சமாளித்துவிட்டது. ஒய் மேல்பகுதி முழுவதையும் இழுக்கணும், மாட்டிக்கொண்டது. ஹீட்சிங்க் ஒட்டி, ஃபேன் வைத்து, 0.96-க்கு ஏற்றினோம். ஜிஆர்பிஎல்லில் $121-ஐக் குறைத்து வேகமெடுப்பதை நிதானமாக்கினோம்.

செலவு? ஃபேன் ஒன்று.

எனக்குக் கோபம் மோட்டார் மேல் இல்லை. மல்டிமீட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், 'ஓடலைல்ல, அப்ப கிளம்பி வா' என்று ஒரு பையனின் தொழிலையே முடித்து வைக்கிறோம் பாருங்கள், அதன் மேல். இங்கே வந்து ஏதோ குடோனில் பெட்டி எண்ணுவதற்கு நாம் விசா தேடித் தருவோமாம்!

இன்னும் ஒரு குறை இருக்கிறது. நிமிடத்துக்கு 2000 மில்லி, அதாவது 8 மில்லி லீட் ஸ்க்ரூவில் 250 சுற்று, அந்த வேகத்தில் லேசாகத் தடுமாறுகிறது. 12 வோல்ட்டில் காயிலுக்குள் கரண்டு ஏறுவதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடுகிறது. 24 வோல்ட் சப்ளை மாற்றினால் போதும், அந்த டிரைவர் 35 வரை தாங்கும். அது கோயம்புத்தூரிலேயே கிடைக்கும், அவனே பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொள்வான். ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் பேரீச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்.