ஜெயிலுக்குள் கல்லா... வெளியே வந்தால் கேடியா?

புழல்-அம்பத்தூர் ரோட்டில் வண்டி ஓட்டுகிற திருமுல்லைவாயில்வாசிகளுக்கு அந்த பெட்ரோல் பங்க் தெரிந்திருக்கும். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறந்தார்கள். அப்போது சட்ட அமைச்சராக இருந்த ரகுபதி திறந்து வைத்தார். பெண் கைதிகளே நடத்துகிற பங்க், இந்தியாவிலேயே முதல் தடவை என்று சொன்னார்கள்.

புழல் மகளிர் சிறையில் தண்டனை அனுபவிக்கும் சுமார் 30 பெண்களுக்கு அங்கே வேலை. ஸ்கூட்டருக்கு பெட்ரோல் போடுவதும் அவர்கள்தான், காசு வாங்கிச் சில்லறை கொடுப்பதும் அவர்கள்தான்.

காவலுக்கு வார்டர்கள் உண்டு, வாஸ்தவம். ஆனாலும் எதிரே மெயின் ரோடு. கையிலே பணம். தண்டனைக் கைதியை நம்பி அங்கே நிற்க வைக்க சிறைத்துறைக்குத் துணிச்சல் இருந்தது. பாராட்டத்தான் வேண்டும்.

சரி, தண்டனை முடிந்து அதே பெண் வெளியே வருகிறாள். மறுநாள் அவளுக்கு யார் வேலை கொடுப்பது?

அங்கேதான் சங்கதி உதைக்கிறது!

அம்பத்தூர் எஸ்டேட்டில் சாதாரண பேக்கிங் வேலைக்குப் போனாலும் "இதுக்கு முன்னே எங்கேம்மா இருந்தே?" என்று கேட்பார்கள். போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் கேட்கிற கம்பெனிகளும் இருக்கின்றன. உண்மையைச் சொன்னால் வேலை இல்லை. பொய் சொன்னால், தெரிந்த அன்றைக்கே வெளியே. ஜெயிலில் இருந்தவரை நம்பிக்கைக்கு உரியவள். தண்டனையை அனுபவித்துத் தீர்த்த பிறகு நம்பக்கூடாதவள். இது என்ன கணக்கோ!

ஆம்பிளைகள் கதை இதைவிட மோசம். போலீஸ் பதிவேட்டில் 'கே.டி.' என்று இரண்டு எழுத்து உண்டு. அதுதான் நம்ம தெருவில் 'கேடி' ஆகிவிட்டது. ஏரியாவில் ஒரு செயின் பறிப்பு நடந்தால் முதலில் தட்டப்படுவது பழைய ஆசாமியின் கதவு. பட்டறையில் வேலை பார்க்கிறவனை மூன்று நாள் ஸ்டேஷனுக்கு அலைய விட்டால், நாலாம் நாள் முதலாளி வேறு ஆள் போட்டுவிடுவார். பிறகு அவன் யாரைத் தேடிப் போவான்? உள்ளே பழகிய கூட்டாளியைத்தான்!

நன்னடத்தை ஜாமீன் விஷயத்தில் சென்னை ஐகோர்ட்டு 2023 மார்ச்சில் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. போலீஸ் துணை கமிஷனர்களுக்கு மாஜிஸ்திரேட்டு அதிகாரம் கொடுத்த அரசாணைகள் செல்லாது என்று ரத்து செய்தது. பிடிப்பவரே ஜாமீன் எழுதி வாங்கி, அதை மீறியதாகச் சொல்லி அவரே உள்ளே தள்ளுவது நியாயமா? ஆவடி கமிஷனர் அலுவலகம் 2022 ஜனவரி 1-ல் உதயமானது. புது அலுவலகம், புதுப் பழக்கம் ஒன்றை ஆரம்பிக்கலாம். திருந்தி வேலை பார்க்கிறவனை விசாரிக்க வேண்டுமென்றால் வேலை நேரம் முடிந்து கூப்பிடுங்கள். முதலாளி எதிரில் ஜீப்பில் ஏற்ற வேண்டாம்.

"திருட்டுக் கொடுத்தவன் தெருவில் நிற்கிறான், திருடனுக்கு வேலையா?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கடையை உடைத்தவனுக்காகக் கண்ணீர் விட யாராலும் முடியாது. ஆனால் சுப்ரீம் கோர்ட்டு 1998-லேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. கைதிக்கு நியாயமான கூலி கொடு, அதில் ஒரு பங்கை அவனால் பாதிக்கப்பட்டவருக்கு ஒதுக்கு என்றது. வேலை செய்கிறவனிடம்தான் நஷ்டத்தை வசூலிக்க முடியும். சும்மா உட்கார்ந்து களி தின்கிறவனிடம் என்ன கிடைக்கும்? இன்னொன்று, வேலை கிடைக்காமல் அலைகிறவன் அடுத்து உடைக்கப் போவது உங்கள் ஷட்டராகவும் இருக்கலாம்.

பங்க், பேக்கரி, தையல், பஜார் எல்லாம் பெரும்பாலும் தண்டனைக் கைதிகளுக்குத்தான். நாடு முழுக்க ஜெயிலில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்று 2022-ம் ஆண்டு மத்திய அரசுக் கணக்கு சொல்கிறது. கேஸ் முடியும்வரை அவர்களில் பலருக்குத் தொழிலும் இல்லை, பயிற்சியும் இல்லை. முதல் தடவை அடிதடியில் சிக்கிய பத்தொன்பது வயதுப் பையன் மாசக்கணக்கில் சும்மா உட்கார்ந்து என்ன கற்றுக்கொள்வான்? பக்கத்தில் இருப்பவன் சொல்லிக் கொடுப்பதைத்தான்!

வெளியே கொஞ்சம் பாருங்கள். டெல்லி திகார் ஜெயிலுக்குள் 2011-லேயே கம்பெனிகள் போய் இண்டர்வியூ நடத்தி வேலை உத்தரவு கொடுத்தன. சிங்கப்பூரில் 1998-ல் விடுதலையானவர்களில் நூற்றுக்கு 44 பேர் இரண்டே வருஷத்தில் திரும்ப உள்ளே போனார்கள். விடுதலைக்கு முன்பே வேலை பிடித்துக் கொடுப்பது, முதலாளிகளைக் கூப்பிட்டுப் பேசுவது, 2004-ல் தொடங்கிய 'மஞ்சள் ரிப்பன்' இயக்கம் என்று விடாமல் செய்தார்கள். சமீப வருஷங்களில் அது சுமார் 20-க்கு இறங்கிவிட்டது. கண்டிப்புக்குப் பேர் போன நாடு அது. அவர்களே இப்படிச் செய்கிறார்கள்.

நம்ம ஊரிலும் விடுதலையான கைதிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று நூறு வருஷமாக இருக்கிறது. பெட்டிக்கடை வைக்க, தையல் மெஷின் வாங்கப் பணம் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் எல்லோருக்கும் வியாபாரம் வருமா? மாசச் சம்பளம்தான் பலருக்குத் தோது.

பங்க்கில் வேலை பார்த்தவருக்கு, எத்தனை மாசம் பார்த்தார், பணத்தில் குறை உண்டா இல்லையா என்று சிறைத்துறை ஒரு கடிதம் எழுதி, விடுதலை அன்றே கையில் கொடுக்க வேண்டும். இதற்குச் சட்டம் வேண்டாம், சட்டசபை வேண்டாம். ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கே போவது? பெண் தொழில்முனைவோருக்கென்றே சிட்கோ அமைத்த மகளிர் தொழிற்பேட்டை நம்ம திருமுல்லைவாயிலில்தானே இருக்கிறது! புழலில் இருந்து அதிக தூரமும் இல்லை. அங்கே யூனிட் நடத்தும் அம்மாக்களுக்குச் சொல்லிக்கொள்கிறோம்: அடுத்த தடவை ஆள் தேவைப்படும்போது புழல் மகளிர் சிறை சூப்பிரண்டுக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்த மாசம் விடுதலையாகிறவர்களில், பங்க்கில் வேலை பார்த்த இரண்டு பேரின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.