சிறைக்குள் ஒரு நோயாளி: வெளியே இருக்கும் நாம் என்ன செய்கிறோம்?

வாரம் ஒருமுறை மத்திய சிறை வாசலில் மனு பார்க்கக் காத்திருக்கும் கூட்டத்தில், கையில் மாத்திரை அட்டையோடு ஒரு தாயோ மனைவியோ நிச்சயம் இருப்பார்கள். மகனுக்குச் சர்க்கரை, வலிப்பு, இருதய நோய் என்று ஏதோ ஒன்று. வீட்டில் வேளை தவறாமல் கொடுத்துவந்த மருந்தை அவர்கள் வாங்கி வந்திருப்பார்கள். வெளியிலிருந்து வரும் மருந்தை உள்ளே அனுமதிக்க முடியாது என்று வாசலிலேயே திருப்பி விடுவார்கள். கம்பி வலைக்கு அப்பால் சில நிமிடங்கள் மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதே மாத்திரை அட்டையோடு பஸ் ஏறி ஊர் திரும்புவார்கள்.

சிறைவாசிகளைப் பற்றி நம் சமுதாயம் பேசாமல் இல்லை. தேர்தல் நெருங்கும்போது நிறையவே பேசுகிறோம். நீண்ட காலச் சிறைவாசிகளின் விடுதலைக்காக மாநாடுகள், ஆர்ப்பாட்டங்கள் நடக்கின்றன. ஓய்வுபெற்ற நீதிபதி ஆதிநாதன் தலைமையில் குழு அமைந்ததும், 20 முஸ்லிம்கள் உட்பட 49 ஆயுள் கைதிகளின் கோப்பு ஆளுநருக்கு அனுப்பப்பட்டதாக 2023 அக்டோபரில் முதல்வர் சட்டமன்றத்தில் சொன்னதும் அந்தக் குரல்களின் விளைவுதான். அது தொடர வேண்டும். ஆனால் விடுதலை வரும்வரை உள்ளே இருப்பவர் உயிரோடும் ஓரளவு நலத்தோடும் இருக்க வேண்டுமே! அந்த அன்றாடக் கவலை ஒவ்வொரு குடும்பத்தின் தனிப்பட்ட பாரமாகவே விடப்பட்டிருக்கிறது.

எண்கள் சொல்வது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு சிறைப் புள்ளிவிவரப்படி, இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று பொருள். 100 பேருக்கான இடத்தில் 131 பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் முஸ்லிம்கள் 14.2 சதவீதம். விசாரணைக் கைதிகளில் நம் பங்கு அதைவிட அதிகம்.

அந்த ஒரே ஆண்டில் சிறைகளில் 1,995 பேர் இறந்தார்கள். அதில் 1,773 மரணங்கள் 'இயற்கை மரணம்' என்ற தலைப்பில் பதிவாகியுள்ளன. முதுமையால் இறப்பதும் நோயால் இறப்பதும் இந்தத் தலைப்புக்குள்தான் வருகின்றன. சரியான நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பார் என்ற மரணமும் இந்தக் கணக்கில் 'இயற்கை'தான். வெளியே இருக்கும் நோயாளி தானே ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் போகலாம். உள்ளே இருப்பவருக்குச் சிறை மருத்துவர் பார்க்க வேண்டும், வெளி மருத்துவமனைக்கு எழுதித்தர வேண்டும், வழிக்காவலுக்குப் போலீசார் கிடைக்க வேண்டும். இதில் ஒன்று தள்ளிப்போனாலும் சிகிச்சை தள்ளிப்போகும்.

உறிஞ்சுகுழாய் கேட்ட முதியவர்

திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்கண்ட் பழங்குடி மக்களுக்காக வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சாமியை நாம் மறக்க முடியாது. 2020 அக்டோபரில் 83 வயதில் கைது செய்யப்பட்டார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, தம்ளரைத் தூக்கிக் குடிக்க முடியாத நிலை. ஓர் உறிஞ்சுகுழாய்க்கும் மூடி போட்ட குவளைக்கும் நீதிமன்றத்தில் மனுப்போட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார். 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலேயே, விசாரணைக் கைதியாக மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

90 சதவீத மாற்றுத்திறனாளியான பேராசிரியர் சாய்பாபா சக்கர நாற்காலியோடு பல ஆண்டுகள் நாக்பூர் சிறையில் இருந்தார். 2024 மார்ச்சில் மும்பை உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். நமக்கு இன்னும் அருகில், ஒரு காலை இழந்து செயற்கைக் காலோடு வாழும் அப்துல் நாசர் மஅதனி. 1998இல் கைதாகி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டுச் சிறையில் கிடந்த பிறகு 2007இல் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். நீதிமன்றம் விடுதலை தரலாம். உள்ளே கெட்ட உடலை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியாது.

இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். வழக்கறிஞர்களும் பத்திரிகைகளும் இவர்களுக்காகப் பேசினார்கள். அடிதடி, திருட்டு, கஞ்சா, குடும்பத் தகராறு என்று உள்ளே போன சாதாரண வீட்டுப் பிள்ளைக்குச் சுவரொட்டி ஒட்ட யாரும் இல்லை. அந்தக் குடும்பங்களை நினைத்தே இதை எழுதுகிறோம். வழக்கு எதுவானாலும் நோய் நோய்தான், மருந்து மருந்துதான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

கைதானவரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் கவனிப்பது அவரைக் காவலில் வைத்திருப்பவரின் கடமை என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 56ஆம் பிரிவு. கைது செய்தவுடன் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது 53ஆம் பிரிவு. கடுமையான குற்றச்சாட்டு இருந்தாலும் பெண்கள், நோயாளிகள், உடல் நலிந்தவர்கள் ஆகியோருக்கு ஜாமீன் தரலாம் என்று 480ஆம் பிரிவு இடம் தருகிறது. பண மோசடித் தடுப்புச் சட்டத்திலும் இதே விலக்கு உண்டு. யுஏபிஏ வழக்குகளில் ஜாமீன் மிகக் கடினம் என்றாலும், விசாரணை முடிவின்றி நீளும்போது அரசியல் சாசன நீதிமன்றங்கள் ஜாமீன் தரத் தடையில்லை என்று 2021இல் கே.ஏ. நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2025 ஜூலையில் வந்த எல். முருகானந்தம் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பு நம் மாநிலத்துக்கே உரியது. தசைச் சிதைவு நோயுள்ள ஒரு வழக்கறிஞர், சிறையில் தனக்குத் தகுந்த உணவும் சிகிச்சையும் வசதியும் கிடைக்கவில்லை என்று தொடுத்த வழக்கு. விரும்பிய உணவை உரிமையாகக் கேட்க முடியாது, ஆனால் மருத்துவர் சான்றளித்தால் நோய்க்கேற்ற சத்தான உணவைத் தருவது அரசின் கடமை என்றது நீதிமன்றம். சிறைக்குள் நுழையும்போதே மாற்றுத்திறனாளிகளை அடையாளம் காண வேண்டும், சாய்தளமும் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் வேண்டும், பிசியோதெரபி போன்ற சிகிச்சைகள் கிடைக்க வேண்டும் என்று தமிழகச் சிறைகளுக்கு உத்தரவிட்டது. மாற்றுத்திறனாளி உறவினர் உள்ளே இருந்தால், மனுவில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

குடும்பம் செய்ய வேண்டியவை

சட்டம் தானாக நடக்காது. 'உடம்பு சரியில்லை' என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. சிறையில் கொடுக்க முடியாத சிகிச்சை தேவையா என்றுதான் நீதிபதி பார்ப்பார். அதைக் காட்டுவது காகிதம்.

முதல் நாளிலேயே தொடங்குங்கள். ரிமாண்டுக்காக நீதித்துறை நடுவர் முன் நிறுத்தும்போதே, என்ன நோய், என்ன மருந்து, எத்தனை வேளை என்பதை வழக்கறிஞர் மூலம் சொல்லிப் பதிவு செய்ய வைக்க வேண்டும். வலிப்பு, இன்சுலின், டயாலிசிஸ், மனநோய் மாத்திரை ஆகியவற்றில் ஓரிரு நாள் இடைவெளியே ஆபத்தாகிவிடும்.

டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவுகள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவற்றை மூன்று நகல் எடுங்கள். ஒன்று வழக்கறிஞருக்கு, ஒன்று வீட்டில், மற்றொன்று சிறைக் கண்காணிப்பாளருக்குக் கடிதத்தோடு. கடிதத்தை நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் உயர்நீதிமன்றம் போக நேர்ந்தால் இந்த ஒப்புகைதான் பேசும்.

மருந்தை மறைத்து உள்ளே அனுப்ப ஒருபோதும் முயலாதீர்கள். யாராவது பணம் கேட்டு 'நான் சேர்த்து விடுகிறேன்' என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிடிபட்டால் உள்ளே இருப்பவர் மீது இன்னொரு வழக்கு வரும். சிறை மருத்துவரே அந்த மருந்தை எழுதித்தர வேண்டும் என்று கேட்பதுதான் வழி. மறுத்தால் நீதிமன்ற உத்தரவு கேளுங்கள்.

மனு பார்க்கும்போது அழுது தீர்ப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த மாத்திரை தருகிறார்கள்? கடைசியாக மருத்துவர் எப்போது பார்த்தார்? வெளி மருத்துவமனைக்கு எழுதியிருந்தால் ஏன் போகவில்லை? பதிலைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். எடை குறைவது, பேச்சு குழறுவது, ஆளையே அடையாளம் தெரியாமல் விழிப்பது போன்றவற்றையும் எழுதுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட தகவலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வழக்கறிஞர் தருவது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கடமை. அழைக்க வேண்டிய எண் 15100. மாவட்ட நீதிபதி தலைமையில் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. நோயாளிகளின் பெயர்களையும் அது பரிசீலிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரியுங்கள். முதல் முறை வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளே கழித்திருந்தால் 479ஆம் பிரிவின்படி ஜாமீனுக்கு உரியவர். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ உள்ள குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட வழியின்றி உள்ளேயே இருப்பவர்களுக்காக, 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் நிதியுதவி கிடைக்கும். அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கும் உதவி உண்டு. யுஏபிஏ, போதைப்பொருள், பண மோசடி, ஊழல் தடுப்பு வழக்குகளுக்கு இத்திட்டம் இல்லை.

மனம் உடைந்தால்

உடல் நோயையாவது காட்டிச் சொல்லலாம். மனநோயைச் சொல்ல நம் வீடுகளில் இன்னும் கூச்சம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் இருக்க வேண்டும் என்கிறது. உள்ளே போவதற்கு முன் மனநல சிகிச்சை எடுத்தவர் என்றால் 'பெயர் கெட்டுவிடும்' என்று மறைக்காதீர்கள். அந்த மறைப்பு உயிரைப் பறிக்கலாம். வெளியே தூக்கமின்றித் தவிக்கும் தாயும் மனைவியும் பிள்ளைகளும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ரமலான் மாதத்தில் இன்னொரு சிக்கல் வருகிறது. இன்சுலின் போடும் சிறைவாசி, உள்ளே வேறு இபாதத்துக்கு வழியில்லையே என்று நோன்பைப் பிடிவாதமாக வைப்பார். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை மகனுக்கோ கணவருக்கோ எடுத்துச் சொல்லும் பொறுப்பு குடும்பத்துக்கு உண்டு, ஆலிம்களுக்கும் உண்டு.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

பசித்தவருக்கு உணவளிப்பது, நோயாளியை நலம் விசாரிப்பது, சிறைப்பட்டவரை விடுவிப்பது ஆகிய மூன்றையும் நபி (ஸல்) அவர்கள் ஒரே மூச்சில் ஏவியிருக்கிறார்கள். சிறையில் இருக்கும் நோயாளியிடம் இந்த மூன்றில் இரண்டு கடமைகள் ஒன்றாகச் சேர்கின்றன. ஆனால் நம் மஹல்லாக்களில் நடப்பது என்ன? பிள்ளை உள்ளே போன வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வருவது நின்றுவிடுகிறது. பெண் கேட்டு வருபவர்கள் ஒதுங்குகிறார்கள். அந்தத் தாய் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு வழக்கறிஞர், ஒரு மருத்துவர், ஓடியாடும் இரண்டு இளைஞர்கள் போதும். ஊரில் யாருடைய வீட்டுப் பிள்ளை எந்தச் சிறையில், என்ன நோயோடு இருக்கிறார் என்ற விவரம் அவர்களிடம் இருக்கட்டும். மருத்துவர் அந்தச் சீட்டுகளைப் படித்து நீதிபதிக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதித் தரட்டும். இளைஞர்கள் தாயோடு சட்டப்பணிகள் அலுவலகம் வரை போகட்டும். மனு பார்க்கப் போகும் பஸ் செலவு கூட இல்லாத வீடுகள் இருக்கின்றன. ஜகாத், ஸதகா பணத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டா என்று உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

சிறை ஊழியர்களை எதிரிகளாகப் பார்க்கவும் தேவையில்லை. மருத்துவர் பற்றாக்குறையும் வழிக்காவல் பற்றாக்குறையும் அவர்களுக்கும் தலைவலிதான். முறையான கடிதத்தோடும் பொறுமையோடும் அணுகும் குடும்பத்துக்கு உதவும் அதிகாரிகள் இருக்கிறார்கள். உதவாவிட்டால் உயர்நீதிமன்றத்தின் கதவு சென்னையிலும் மதுரையிலும் திறந்தே இருக்கிறது.

அடுத்த வாரமும் மாத்திரை அட்டையோடு ஒரு தாய் சிறை வாசலில் நிற்பார். அவர் நம் தெருவைச் சேர்ந்தவராக இருக்கலாம். அவர் வீட்டுக் கதவைத் தட்டி, 'பிள்ளைக்கு என்ன மருந்தும்மா?' என்று கேட்பதிலிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.