ஆயிரம் பொற்காசு பெறும் மகள்

கௌபாய் படம் என்றால் குதிரை, துப்பாக்கி, தூசு பறக்கும் தெரு. அந்தத் தெருவில் துணி வெளுத்தவர் யார், மற்றவர்கள் கைவிட்டுப் போன சுரங்க மண்ணைச் சலித்தவர் யார் என்று நான் கேட்டதே இல்லை. ‘தௌசண்ட் பீசஸ் ஆஃப் கோல்ட்’ என்னும் படத்தை விடுதி அறையில், மடிக்கணினியின் சின்னத் திரையில் பார்த்தபோதுதான் அந்தக் கேள்வியே எனக்கு எழுந்தது.

1991-இல் திரையரங்குகளுக்கு வந்த இப்படத்தை இயக்கியவர் நான்சி கெல்லி. ரூத்தான் லம் மெக்கன் 1981-இல் எழுதிய நாவலைத் தழுவியது. லாலு என்ற வட சீனப் பெண்ணை வறுமை தாளாமல் தந்தையே விற்றுவிடுகிறார். சான் பிரான்சிஸ்கோவில் ஏலம் போகிறாள். ஐடஹோ மலைப்பகுதிச் சுரங்க ஊரில் மதுக்கடை வைத்திருக்கும் ஹாங் கிங்கிடம் வந்து சேர்கிறாள். அமெரிக்காவில் அடிமை முறை 1865-இலேயே ஒழிக்கப்பட்டது என்று பாடத்தில் படித்திருக்கிறோம்!

படத்தின் பெயருக்குப் பொருள் சொன்னவள் என் சீன அறைத்தோழி. ‘ஆயிரம் பொன்’ என்பது சீன மொழியில் மகளைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாம். அந்தச் சொல்லால் மகளைக் கொஞ்சும் தகப்பன்தான் அவளை விற்கிறான்.

விற்றவரும் வாங்கியவரும் சீனர்களே. இது அந்த இனத்தை இழிவுபடுத்துவதாகாதா என்று சிலர் கேட்கலாம். எனக்கு அப்படிப் படவில்லை. சொந்த இனத்தானின் கொடுமையை மூடி மறைத்திருந்தால் லாலுவின் கதையில் பாதிகூட மிஞ்சியிருக்காது. கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மறுக்கும் காட்சியில் ரோசலிண்ட் சாவ் என்ற நடிகையே மறைந்துபோகிறார்.

என் குறை வேறு. வெள்ளையர்கள் சீனரை ஊரைவிட்டு விரட்டும் பகுதி படத்தின் பிற்பாதியில் விரைவாகக் கடந்துவிடுகிறது. அது ஓர் ஊரின் கோபமன்று. வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்லக்கூடாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1854-இல் தீர்ப்பளித்தது; கொலைக் குற்றவாளி ஒருவரின் தண்டனையே அதனால் இரத்தானது. 1869-இல் முடிந்த கண்டம் கடக்கும் இரயில் பாதைக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் மலையைக் குடைந்தார்கள். பதின்மூன்றே ஆண்டுகளில், 1882-இல், சீனத் தொழிலாளர் நுழையவே தடைச் சட்டம் வந்தது. அது நீங்கியது 1943-இல்தான். 1885 செப்டம்பரில் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்க ஊரில் குறைந்தது 28 சீனர்கள் கொல்லப்பட்டனர். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இவ்வளவையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, சீட்டாட்டத்தில் லாலுவை வென்று விடுவிக்கும் சார்லி என்ற நல்ல வெள்ளையரிடம் படம் சாய்ந்துவிடுகிறது. கிறிஸ் கூப்பர் அடக்கமாக நடித்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் லாலுவுக்கு மூலமான பாலி பெமிஸ் உண்மையில் வாழ்ந்தவர். 1894-இல் சார்லியை மணந்து, 1933-இல் மறைந்தார். அவரைச் சீட்டாட்டத்தில் வென்ற கதையை வரலாற்று ஆய்வு ஏற்கவில்லை. உழைத்துப் பிழைத்த ஒரு பெண்ணை இன்னும் பந்தயப் பொருளாகவே நினைவில் வைத்திருப்பது எனக்கு உறுத்துகிறது.

படம் முடிந்ததும் நான் சார்லியைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அறைத்தோழி கேட்கவில்லை. லாலுவை நேசித்து, தவறாகப் புரிந்துகொண்டு பிரிந்துபோன சீன இளைஞன் ஜிம்மைப் பற்றியே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“அவன் அப்புறம் எங்கே போயிருப்பான்?” என்றாள்.